நீத்தார் கடனும் இருப்போர் கண்ணீரும்

பிறந்தவர் எல்லோரும் ஒருநாள் இறக்கத்தான் வேண்டும் என்பது எமக்குத் தெரியாத விடயமல்ல. போரையும் இடப்பெயர்வையும் சுனாமியையும் கண்ட எமது பெண்களுக்கு மரணத்தைப் பற்றி எவரும் புதிதாகப் படிப்பிக்க வேண்டியதில்லை. ஆயினும், ஒரு மரணச் சடங்கைத் தனித்துப் பொறுப்பெடுத்து நடத்துவதும், அதன் பின் வரும் நாட்களைத் தாங்கிக்கொள்வதும் பல பெண்களுக்குப் பெருஞ்சுமையாகவே உள்ளன.

முன்பு ஒரு வீட்டில் சாவு நடந்தால் தமையன், மாமன், மச்சான், அயலட்டை ஆண்கள் என்று பத்துப்பேர் முன்னுக்கு நின்று காரியம் பார்த்தார்கள். பெண்கள் பிரேதத்தைச் சுற்றி இருந்து அழுதார்கள். இன்று வடக்கிலும் கிழக்கிலும் பல வீடுகளில் அந்தப் பத்துப்பேர் இல்லை. போரில் இறந்தவர்கள், காணாமற் போனவர்கள், வெளிநாடு சென்றவர்கள் என்று ஆண்கள் குறைந்துவிட்டனர். பெட்டிக்குச் சொல்வதும், மரணத்தைப் பதிய ஓடுவதும், காசு தேடுவதும் கணவனை இழந்த அதே பெண்தான். தாயை இழந்த அதே மகள்தான். எல்லாக் காரியங்களையும் ஓடியாடிப் பார்க்கும் அவளுக்கு அழுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. கூட்டம் கலைந்த பின்னர் கடனும் கவலையும் ஒன்றாக வந்து சேருகின்றன.

செத்தவீடு என்பது இறந்தவருக்கு நாம் செய்யும் கடமை. அதே வேளையில், இருப்பவர்கள் அழுது ஆறுவதற்கு எமது முன்னோர் செய்து வைத்த ஏற்பாடும் அதுவே. ஆகவே அதைத் திட்டமிடும்போது, இறந்தவருக்கு மரியாதை செய்வதோடு, இருக்கும் பெண் கடன்படாமலும் கண்ணீரை அடக்காமலும் அந்த நாட்களைக் கடப்பதற்கு வழி செய்யவேண்டும். அதற்கான சில விடயங்களைச் சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சடங்குகளின் பயன் என்ன?

பிரெஞ்சு நாட்டுச் சமூகவியலாளரான எமில் டேர்க்கைம் 1912 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் துக்கம் காத்தலைப் பற்றி ஆராய்ந்துள்ளார். ஒருவரை இழந்த குழுவானது ஒன்றுகூடி அழுவதன் மூலம் தன்னுடைய பலத்தை மீளப் பெற்றுக்கொள்கிறது என்பது அவருடைய கருத்தாகும். இதை எமது ஊர்ச் செத்தவீடுகளிலும் காணலாம்.

சைவ மக்களிடையே பிரேதத்தைக் குளிப்பாட்டுதல், சுண்ணம் இடித்தல், பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தல், வாய்க்கரிசி போடுதல் என்று ஒவ்வொரு உறவுக்கும் ஒரு வேலை உண்டு. எவரும் சும்மா நின்று பார்ப்பவராக விடப்படுவதில்லை. காடாற்று, எட்டுச்செலவு, 31 ஆம் நாள் அந்தியேட்டி, ஆட்டைத்திவசம் என்று நாட்கள் படிப்படியாக வகுக்கப்பட்டுள்ளன. "இனி இல்லை" என்பதை மனம் ஒரே நாளில் ஏற்றுக்கொள்ளாது என்பதை அறிந்தவர்கள்தான் இந்தப் படிகளை வைத்திருக்க வேண்டும்.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டாமல் அயலவர் தேத்தண்ணியும் சாப்பாடும் கொண்டுவந்து கொடுப்பது எவ்வளவு அருமையான வழக்கம்! கத்தோலிக்கர் 31 ஆம் நாள் திருப்பலி ஒப்புக்கொடுப்பதும், நவம்பர் 2 ஆம் திகதி சேமக்காலைக்குச் சென்று மெழுகுதிரி கொளுத்துவதும், முஸ்லிம் சகோதரிகள் 4 மாதமும் 10 நாளும் இத்தா இருப்பதும் வழிகளில் வேறுபட்டவை. ஆயினும் துயரத்துக்கு ஒரு காலத்தையும் இடத்தையும் ஒதுக்குவதில் அவை ஒத்திருக்கின்றன.

யாழ்ப்பாணத்தில் பல்லாண்டுகள் பணியாற்றிய உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் போரினால் காயப்பட்ட சமூகங்கள் தேறிவருவதற்குப் பாரம்பரியச் சடங்குகளும் ஒன்றுகூடல்களும் உதவுகின்றன என்று எழுதியுள்ளார். ஆகவே சடங்குகளை மூடநம்பிக்கை என்று முற்றாக ஒதுக்கிவிடவும் தேவையில்லை. அவற்றின் பெயரால் வரும் வீண்செலவையெல்லாம் ஏற்கவும் தேவையில்லை.

முதலில் செய்யவேண்டியவை

மரணம் நிகழ்ந்தவுடன் தலை சுற்றுவது போலிருக்கும். எதை முதலில் செய்வது என்று தெரியாது. எனவே நம்பிக்கையான நான்கு பேரிடம் நான்கு பொறுப்புகளைக் கொடுத்துவிடுங்கள். ஒருவர் தொலைபேசியில் உறவினருக்கு அறிவிக்கட்டும். இன்னொருவர் ஒரு கொப்பியில் வரவையும் செலவையும் எழுதட்டும். மூன்றாமவர் பத்திரங்களைக் கவனிக்கட்டும். நான்காமவர் வேறொன்றும் செய்யவேண்டாம். துயரப்படுபவரின் அருகில் இருந்து, அவர் தண்ணீர் குடித்தாரா, மருந்து எடுத்தாரா என்று பார்த்தாற் போதும். இந்த நான்காவது பொறுப்பையே நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

வீட்டில் நோயினாலோ முதுமையினாலோ மரணம் நிகழ்ந்தால் கிராம அலுவலருக்கு உடனே அறிவித்து அவருடைய அறிக்கையைப் பெறவேண்டும். வைத்தியசாலையில் நிகழ்ந்தால் மரணத்தின் காரணத்தைக் குறிப்பிடும் படிவத்தை அங்கேயே தருவார்கள். விபத்து, பாம்புக்கடி, நீரில் மூழ்குதல், தற்கொலை, காரணம் தெரியாத திடீர் மரணம் என்பவற்றுக்குப் பொலிசாருக்கும் திடீர் மரண விசாரணை அதிகாரிக்கும் அறிவிக்க வேண்டும். அதற்கு முன் பிரேதத்தைக் குளிப்பாட்டவோ இடம் மாற்றவோ கூடாது. "வெட்டிக் கொத்திப்போடுவார்கள்" என்ற பயத்தினாலும், "ஊர் என்ன சொல்லும்" என்ற வெட்கத்தினாலும் சில குடும்பங்கள் இதை மறைக்கப் பார்க்கின்றன. பின்னர் நட்டஈடு, காப்புறுதி, பிள்ளைகளின் உரிமை என்று வரும்போது அந்த மறைப்பே தடையாக வந்து நிற்கும்.

மரணத்தை 5 நாட்களுக்குள் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். மரணம் எந்த இடத்தில் நிகழ்ந்ததோ அந்தப் பிரிவின் பிறப்பு இறப்புப் பதிவாளரிடமே பதியவேண்டும். இறந்தவரின் சொந்த ஊர்ப் பதிவாளரிடமல்ல. கிளிநொச்சியில் வாழ்ந்தவர் யாழ்ப்பாணம் வைத்தியசாலையில் இறந்தால் யாழ்ப்பாணத்திலேயே பதிவு நடைபெறும். மாதக்கணக்கில் பிந்தினால் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பம், சத்தியக்கூற்று என்று அலைய நேரிடும்.

பதியும்போது இறந்தவரின் தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ் ஆகியவற்றைக் கையில் கொண்டு செல்லுங்கள். பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் பாருங்கள். அடையாள அட்டையில் ஒரு பெயரும் மரணச் சான்றிதழில் இன்னொரு பெயரும் இருந்தால் வங்கிப் பணம், ஊழியர் சேமலாப நிதி, ஓய்வூதியம், காணி என்று ஒவ்வொரு இடத்திலும் திருப்பி அனுப்புவார்கள். இடப்பெயர்வில் பத்திரங்கள் தொலைந்த எமது குடும்பங்களில் இந்தச் சிக்கல் அதிகம். மரணச் சான்றிதழில் இரண்டு மூன்று பிரதிகள் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

கடமையும் கடனும்

தமிழில் கடமைக்கும் காசு பட்ட கடனுக்கும் "கடன்" என்ற ஒரே சொல் உண்டு. நீத்தார் கடன் செய்யப்போய், தீராத கடனில் விழுந்த பெண்கள் பலரை எமது வேலையில் சந்திக்கிறோம்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் மீளக்குடியேறிய ஒரு சகோதரி, கணவன் இறந்தபோது காப்பை அடகு வைத்துச் செத்தவீட்டை நடத்தினார். எட்டுச்செலவுக்குச் சீட்டுக் காசை எடுத்தார். "அந்தியேட்டியைக் குறைவாகச் செய்தால் மனுசன் அனாதையோ என்று கேட்பார்கள்" என்று உறவினர் ஒருவர் சொன்னதால் நுண்கடன் எடுத்து முந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டார். கடன் அறவிடுபவர் கிழமைக்குக் கிழமை படலைக்கு வந்து நின்றார். அவர் எம்மிடம் சொன்னது இதுதான்: "அவரை நினைத்து அழக்கூட முடியேல்லை, தங்கச்சி. கடன்காரனை நினைத்துத்தான் அழுதனான்."

இது அந்த ஒரு சகோதரியின் தவறல்ல. செத்தவீட்டின் அளவைக் கொண்டு இறந்தவரின் மதிப்பை அளக்கும் சமூகத்தின் பழக்கமே இதற்குக் காரணம். முதல் நாளே ஒரு தாளை எடுத்து, செலவுகளை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்.

முதலாவது, கட்டாயமானவை. பெட்டி, வாகனம், மயானச் செலவு, விறகு அல்லது குழி வெட்டும் கூலி, கிரியை செய்பவருக்கான தட்சணை, வருபவர்களுக்குத் தேத்தண்ணி ஆகியவை இதில் அடங்கும்.

இரண்டாவது, கையில் இருந்தால் செய்யலாம் என்பவை. பத்திரிகை அறிவித்தல், பறைமேளம், பெரிய பந்தல், மலர் வளையம், ஒலிபெருக்கி போன்றவை இவை.

மூன்றாவது, தள்ளிவைக்கக் கூடியவை. வீடியோ, படங்கள் நிறைந்த நினைவு மலர், அந்தியேட்டிக்கு வருபவர்களுக்குப் பாத்திரம் கொடுப்பது, நூற்றுக்கணக்கானோருக்கு மதியபோசனம் ஆகியவற்றை இதில் சேர்க்கலாம். நினைவு மலரை ஆட்டைத்திவசத்துக்கும் வெளியிடலாம். வெளியிடாமல் விட்டாலும் இறந்தவருக்குக் குறைவில்லை.

வெளிநாட்டில் பிள்ளைகளோ சகோதரரோ இருக்கும் குடும்பங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவர்கள் வரும்வரை பிரேதத்தை எம்பாம் செய்து நாட்கணக்கில் வீட்டிலோ மலர்ச்சாலையிலோ வைத்திருக்கிறார்கள். பெற்றவரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் ஒவ்வொரு நாளும் கூடும் செலவும், அத்தனை நாளும் நித்திரையின்றிப் பிரேதத்தோடு இருக்கும் பெண்களின் உடல்நிலையும் கணக்கில் எடுக்கப்பட வேண்டும். எத்தனை நாள் காத்திருப்பது, அந்தச் செலவை யார் ஏற்பது என்பதை முதல் நாளே தொலைபேசியில் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். பெருஞ்செலவான சடங்கொன்றை அவர்கள் விரும்பினால், காசு கைக்கு வந்த பின்னரே ஒழுங்கு செய்யுங்கள். காசு வரும் என்று நம்பி இங்கே இருப்பவர் கடன்படுவது சரியல்ல.

எமது ஊர்கள் பலவற்றில் மரண உதவிச் சங்கங்கள் இயங்குகின்றன. மாதாந்தம் சிறு சந்தா கட்டும் குடும்பத்துக்கு மரணம் நேர்ந்தால் ஒரு தொகைப் பணமும், கதிரை, தறப்பாள், பாத்திரங்களும் கிடைக்கும். சந்தாப் புத்தகம் யாருடைய பெயரில் உள்ளது, கணவன் இறந்த பின் மனைவி அங்கத்தவராகத் தொடரலாமா என்பவற்றை இப்போதே கேட்டு வையுங்கள். சங்கம் இல்லாத கிராமங்களில் மாதர் சங்கங்கள் இதை ஆரம்பிக்கலாம்.

பெண்ணின் சொல்லுக்கும் இடம் வேண்டும்

செலவைச் சுமப்பவள் பெண்ணாக இருக்கும்போது முடிவெடுப்பவர்கள் வேறு யாராகவோ இருப்பது எமது சமூகத்தில் வழமையாகிவிட்டது. கொள்ளி வைப்பது யார் என்பது அவற்றுள் பெரிய கேள்வி. தந்தைக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைப்பது வழக்கம். ஆண்பிள்ளைகள் இல்லாத வீடுகளில் பெறாமகனையோ மருமகனையோ தேடுகிறார்கள். அப்படி ஒருவர் மனமுவந்து முன்வந்தால் நல்லது. எவரும் இல்லாதபோது மகளோ மனைவியோ செய்வதற்குச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை என்ற வழக்கமும் அவ்வாறே. இறந்தவரைப் பராமரித்து, மலசலம் அள்ளி, கடைசி மூச்சுவரை பக்கத்தில் இருந்த மகளை ஒழுங்கை முடிவில் நிறுத்திவிட்டு, பல வருடம் முகம் பார்க்காத உறவினர் ஒருவரைக் கொள்ளிக்குடம் தூக்கவிடுவது நியாயமா என்று நாம் சிந்திக்க வேண்டும். போக விரும்பும் பெண் போகட்டும். விரும்பாதவர் வீட்டில் இருக்கட்டும்.

கணவனை இழந்த பெண்ணின் தாலியையும் பொட்டையும் கூட்டத்தின் நடுவே அகற்றும் சடங்கும் இத்தகையதே. சில பெண்களுக்கு அது கணவனுக்குத் தாம் கொடுக்கும் கடைசி மரியாதை. சிலருக்கு அது இரண்டாவது சாவு. எதைச் செய்வது, எங்கே செய்வது, யார் முன்னிலையில் செய்வது என்பதை அவரிடமே கேளுங்கள். தனியறையில், தாயோ சகோதரியோ பக்கத்தில் இருக்கச் செய்தாலும் அதே சடங்குதான். பிறகு அவர் பூ வைக்கிறாரா, நிறச்சேலை உடுக்கிறாரா, பிள்ளையின் திருமணத்தில் முன்னுக்கு நிற்கிறாரா என்று காவல் பார்க்கும் உரிமை எவருக்கும் கிடையாது.

முஸ்லிம் சமூகத்தில் ஜனாஸாவைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுது, தாமதமின்றி எளிமையாக அடக்கம் செய்கிறார்கள். செல்வந்தருக்கும் ஏழைக்கும் அதே வெள்ளைத் துணிதான். செலவைப் பற்றிச் சிந்திக்கும்போது இந்த எளிமை எல்லோருக்கும் நல்ல படிப்பினையாகும்.

நடக்காத செத்தவீடுகள்

எமது பெண்களின் துயரத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி வந்தபோது பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. கிடைத்தவற்றில் பல, அடையாளம் காணப்படாமலே ஒரே குழியில் புதைக்கப்பட்டன. 2009 ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் வன்னியில் இறந்தவர்கள் பலர் பங்கரிலும் பாதையோரத்திலும் அவசரமாக மூடப்பட்டார்கள். மூடவும் முடியாமல் விட்டுவிட்டு ஓடியவர்களும் உள்ளனர். கொரோனாத் தொற்றுக் காலத்தில், 2020 ஏப்ரல் தொடக்கம் 2021 பெப்ரவரி வரை, தொற்றினால் இறந்த அனைவரின் உடல்களும் கட்டாயமாக எரிக்கப்பட்டன. இதனால் முஸ்லிம் குடும்பங்கள் தமது மதக் கடமையைச் செய்ய முடியாமல் தவித்தன. 2021 மார்ச்சிலிருந்துதான் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய இடம் கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோரியது.

கிரியை செய்யாத மரணம் மனத்தில் முடிவுறாமல் கிடக்கும். பல வருடங்களின் பின் வீட்டில் ஒரு சாதாரண மரணம் நிகழும்போது அது திரும்ப வரும். எமக்குத் தெரிந்த ஒரு தாய், மாமியாரின் செத்தவீட்டில் பெட்டியைக் கட்டிப்பிடித்து 2009 இல் இறந்த தன் மகனின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். "கிழவிக்கு இவ்வளவு அழுகையா? இவவுக்கு விசர் பிடித்துவிட்டது" என்று சிலர் சொன்னார்கள். அவருக்கு விசர் இல்லை. மகனுக்காகக் கூட்டமாக அழ அவருக்குக் கிடைத்த முதற் செத்தவீடு அதுவாகவே இருந்தது.

இவ்வாறான பழைய துயரம் கிளம்பும்போது அதை அடக்க வேண்டாம். விரும்பினால் அந்தியேட்டியின்போதோ, ஆடி அமாவாசைக்குக் கீரிமலையிலோ மாமாங்கத்திலோ தீர்த்தமாடும்போதோ அவர்களுடைய பெயரையும் சொல்லிக் கடமை செய்யலாம். படத்தின் முன் ஒரு விளக்கு, விருப்பமான பண்டம் ஒன்று, தேவாலயத்தில் ஒரு திருப்பலி, ஒரு துஆ என்று அவரவர் வழியில் செய்யலாம். இத்தனை வருடம் பிந்திவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம்.

காணாமற் போனவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் வேறொரு நிலையில் இருக்கிறார்கள். இறந்தார் என்று சொல்ல உடலில்லை. இருக்கிறார் என்று சொல்லச் செய்தியில்லை. உளவியலாளர்கள் இதைத் தெளிவற்ற இழப்பு என்று அழைக்கிறார்கள். இந்தப் பெண்களிடம் "ஆண்டுக்கணக்காகிவிட்டது, அந்தியேட்டியைச் செய்து முடியுங்கள்" என்று வற்புறுத்துவது கொடுமையாகும். பொட்டை அழிப்பதா விடுவதா, விளக்கேற்றுவதா காத்திருப்பதா என்பது அவர்களுடைய தீர்மானம். ஒரு வீட்டில் மாமியார் காத்திருக்கவும் மருமகள் திவசம் செய்யவும் விரும்பலாம். இருவருக்கும் இடம் கொடுங்கள்.

சட்டத்திலும் இதற்கு வழி ஏற்படுத்தப்பட்டது. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம், போரினாலோ இயற்கை அழிவினாலோ ஓராண்டுக்கு மேல் காணாமற் போனவரின் மரணத்தைப் பதிய வழிசெய்தது. மரணம் என்று பதிய விரும்பாத குடும்பங்களுக்காக, ஆள் காணாமல் இருக்கிறார் என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழை 2016 ஆம் ஆண்டின் திருத்தம் கொண்டுவந்தது. இப்போதைய நடைமுறை என்ன என்பதைப் பிரதேச செயலகத்திலோ காணாமற் போனோர் பற்றிய அலுவலகத்திலோ கேட்டு அறிந்துகொண்டு முடிவெடுங்கள்.

கூட்டம் கலைந்த பின்

31 நாளும் வீடு நிறைய ஆட்கள். அதன்பின் வாடகைக் கதிரைகள் போய்விடும், உறவினரும் போய்விடுவார்கள். உண்மையான துயரம் பலருக்கு அப்போதுதான் ஆரம்பமாகிறது. நித்திரை வராது, அல்லது எந்நேரமும் படுக்கையாக இருக்கும். சாப்பாடு பிடிக்காது. நெஞ்சு அடைக்கும். படலை திறக்கும் சத்தம் கேட்டால் அவர்தான் வருகிறார் என்று தோன்றும். இறந்தவர்மீதே கோபம் வரும். "நான் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தால்" என்ற எண்ணம் குடையும். இவையெல்லாம் துயரத்தின் இயல்பான அறிகுறிகள். எல்லோருக்கும் ஒரேமாதிரி வருவதில்லை. அழாமல் இருப்பவருக்குத் துயரமில்லை என்றும் கொள்ளக்கூடாது.

எமது பாட்டிமார் ஒப்பாரி சொல்லி அழுதார்கள். இறந்தவரின் நற்குணம், செய்த உதவி, தன்னுடைய தனிமை, மனத்திலிருந்த குறை என்று எல்லாவற்றையும் ஒரு பெண் ஊர் கேட்கச் சொல்ல இடம் கொடுத்த வழக்கம் அது. இன்று படித்த குடும்பங்களில் வாய்விட்டு அழுவதை வெட்கமாக நினைக்கிறார்கள். ஒப்பாரி தெரியாவிட்டாலும், நம்பிக்கையான ஒருவரிடம் திரும்பத் திரும்பப் பேசுவது அதே வேலையைச் செய்யும். கேட்பவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. "விதி", "எல்லாம் நன்மைக்கே", "உன்னை விடக் கஷ்டப்பட்டவர் எத்தனை பேர்" என்பவை ஆறுதல் வார்த்தைகள் அல்ல. "நான் இருக்கிறேன், சொல்லுங்கோ அக்கா" என்பது போதும்.

வேளைக்கு ஏதாவது சாப்பிடுங்கள். காலையில் முற்றம் கூட்டுவது, கோழிக்குத் தீன் போடுவது, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவது போன்ற சிறு வேலைகளை விட்டுவிடாதீர்கள். இறந்தவரின் உடுப்பு, சைக்கிள், கண்ணாடி என்பவற்றை உடனே கொடுத்துவிட வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம். மனம் சொல்லும்போது கொடுக்கலாம். பிறந்தநாள், தீபாவளி, நத்தார், பெருநாள், இறந்த திகதி ஆகிய நாட்களில் துயரம் கூடும் என்பதை முன்கூட்டியே எதிர்பார்த்து, அன்று தனியே இராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளிடம் "அப்பா தூரப் போயிருக்கிறார்", "அம்மம்மா நித்திரை" என்று சொல்லாதீர்கள். போனவர் வருவார் என்று பிள்ளை படலையில் காத்திருக்கும். நித்திரை கொள்ளவே பயப்படும். இறந்துவிட்டார், இனி வரமாட்டார், அது உன்னுடைய பிழையல்ல, நான் உன்னோடு இருக்கிறேன் என்று வயதுக்கேற்ற சொற்களில் உண்மையைச் சொல்லுங்கள். "இனி நீதான் வீட்டுக்கு ஆம்பிளை" என்று பத்து வயது மகனின் தலையில் பாரத்தை ஏற்றவும் வேண்டாம்.

அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள்

துயரத்தில் இருக்கும் பெண்ணிடம் காணி உறுதி, வங்கிப் புத்தகம், வாகனம் தொடர்பான கடதாசிகளில் கையெழுத்துக் கேட்பவர்கள் உறவுக்குள்ளேயே இருப்பார்கள். துடக்குக் கழியும்வரை எதிலும் கையெழுத்து வைப்பதில்லை என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்குத் தேடியதேட்டத்தில் மனைவிக்கும் பங்குண்டு. அனுமதிப்பத்திரக் காணியாயின் பிரதேச செயலகக் காணிப் பிரிவில் விசாரியுங்கள். வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட அலுவலகத்தில் ஆலோசனை பெறலாம். இறந்தவர் பெயரில் அரச கொடுப்பனவு ஏதும் வந்திருந்தால் அதையும் பிரதேச செயலகத்துக்கு அறிவித்து, குடும்பத்துக்குரிய உதவியைக் கேளுங்கள்.

எப்போது உதவி நாடவேண்டும்?

பெரும்பாலான பெண்கள் குடும்பத்தின் துணையோடு மெல்ல மெல்லத் தேறிவருவார்கள். ஆனால் ஆறு மாதம் கடந்தும் துயரம் சற்றும் குறையாமல் அன்றாட வேலைகளைச் செய்ய முடியாமற் போனால், குளிக்காமல், சாப்பிடாமல், எவரோடும் பேசாமல் ஒதுங்கினால், மது அல்லது நித்திரைக் குளிசைகளை நம்பி இருந்தால் மருத்துவ உதவி நாடவேண்டும். "நானும் போய்விடப் போகிறேன்" என்று ஒருவர் சொன்னால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. அவரைத் தனியே விடாமல் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுகள் உள்ளன. 1926 என்ற தேசிய மனநலத் தொலைபேசி இலக்கத்துக்கும் அழைக்கலாம். மனநலப் பிரிவுக்குப் போவது பைத்தியம் என்பதற்கு அடையாளமல்ல. காய்ச்சலுக்கு மருந்து எடுப்பது போன்றதுதான்.

நாம் செய்யக்கூடியது

அடுத்த மரணம் யாருடைய வீட்டில் என்று எவருக்கும் தெரியாது. ஆகவே மாதர் சங்கக் கூட்டமொன்றில் இதைப் பேசுங்கள். செத்தவீட்டுச் செலவுக்கு ஊரே ஓர் எல்லை வைக்கலாம். அந்தியேட்டிச் சாப்பாட்டை எளிமையாக்க எல்லோரும் சேர்ந்து தீர்மானித்தால் எந்த ஒரு குடும்பத்துக்கும் குறை வராது. பதிவு அலுவலகத்துக்குக் கூடப் போக இரண்டு பெண்களை நியமிக்கலாம்.

செத்தவீட்டுக்கு எல்லோரும் போகிறோம். நாற்பதாம் நாளும், மூன்றாம் மாதமும், முதல் தீபாவளிக்கும் அந்த வீட்டுக்குப் போக ஆளில்லை. ஒரு சுண்டு அரிசியோடும் கொஞ்சம் மரக்கறியோடும் அந்த நாட்களில் ஒருமுறை போய் வாருங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைச் சொன்னால் துயரம் கூடும் என்று பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலான பெண்கள் தங்களுடையவரின் பெயரை இன்னொருவர் வாயால் கேட்கவே காத்திருக்கிறார்கள்.